பானெட்டைத் திறந்த ஞாயிற்றுக்கிழமை

காவேரிப் பாலத்தில் ஏறும்போதே சம்பந்தியம்மா முந்தானையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். கண்ணாடியில் பார்த்தேன். பார்த்ததைக் காட்டிக்கொள்ளாமல், "ஆத்துல தண்ணி கம்மி. அதான் இந்த நாத்தம்" என்றேன். ஆற்றில் அன்றைக்கு இரு கரையையும் தொட்டுத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

மகளுக்கு நிச்சயம் முடிந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. மாப்பிள்ளை வீடு உறையூரில். அவர் அப்பாவுக்குக் காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி. கல்யாணத்துக்கு முன்னால் ஒருமுறை பெருமாளைப் பார்க்கவேண்டும் என்று சம்பந்தியம்மா ஆசைப்பட, "நானே வந்து கார்ல கூட்டிட்டுப் போறேன்" என்று பெருமையாகச் சொன்னதும் நான்தான். அந்த வருஷம்தான் கார் ஓட்டக் கற்றிருந்தேன்.

கார் என் வீட்டுக்காரருடையது. உரக் கம்பெனி வேலைக்காக முசிறி, துறையூர், திருவெள்ளறை என்று அதில்தான் சுற்றுவார். பக்கவாதம் வந்து அவர் படுத்தபின் வீட்டுப் பக்கத்து ஷெட்டில் மாதக்கணக்கில் கார் அப்படியே நின்றது. பிறகு ஆபீஸ் முடிந்த சாயங்காலங்களில் நான் டிரைவிங் ஸ்கூலுக்குப் போனேன். கிளட்ச்சும் கியரும் சொல்லிக்கொடுத்தார்கள். முன்பக்கம் ஒரு மூடி இருக்கிறது, அதற்குள் என்ன நடக்கிறது என்று அவ்வப்போது பார்க்கவேண்டும் என்பது என் புத்தியில் ஏறவே இல்லை.

ஏசி போட்டால் நாற்றம் கூடியது. நிறுத்தினால் வேர்த்தது. நடுவில் சம்பந்தியம்மா பேச்சை மாற்ற நினைத்தவர்போல, "அண்ணன் எப்படி இருக்காங்க?" என்று கேட்டார்.

"நல்லா இருக்காங்க. ரெஸ்ட்ல இருக்காங்க."

கோயில் பக்கத்துப் பார்க்கிங்கில் சீட்டுக் கொடுக்க வந்தவர் இரண்டடி தள்ளியே நின்றுவிட்டார். "மேடம், உள்ள ஏதோ செத்துக் கெடக்கு. பானெட்டைத் திறங்க."

எதை இழுத்தால் திறக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. வைப்பர் ஓடியது. டிக்கி திறந்தது. கடைசியில் அவரே கையை விட்டு இழுத்துத் திறந்தார். எஞ்சின் மேலே ஒரு எலிக்கூடு. தேங்காய் நார், பிஸ்கட் காகிதம், எங்கிருந்தோ இழுத்து வந்த பூமாலை நார். அதற்குப் பக்கத்தில் எலி. சுற்றிலும் புழுக்கை, எண்ணெய்ப் பிசுக்கு, ஒரு விரல் கனத்துக்குப் புழுதி. பூக்காரம்மா, டூரிஸ்ட் வேன் டிரைவர்கள், எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். சம்பந்தியம்மா மட்டும் பார்க்கவில்லை. அர்ச்சனைத் தட்டைப் பிடித்துக்கொண்டு கோபுரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்காகத்தான் அப்படி நின்றார் என்பது புரிந்தபோது அந்தக் கூட்டத்தைவிட அதுதான் என்னைக் கூசவைத்தது.

செத்த எலியை ஒரு குச்சியால் பார்க்கிங்காரர் எடுத்துப் போட்டார். தரிசனம் முடிந்ததும் சம்பந்தியம்மா, "உங்களுக்கு எதுக்கு சிரமம், நான் ஆட்டோவுல போயிக்கிறேன்" என்றார்.

ஒர்க்‌ஷாப்புக்கு விட மனசு வரவில்லை. அங்கேயும் நாலு பேர் கூடி நின்று பார்ப்பார்கள். வீட்டிலேயே கழுவிவிடலாம் என்று ஃபோனில் வீடியோ பார்த்தேன். ஒருவன் ஹோஸ் பைப்பால் எஞ்சின் மேல் சும்மா பீய்ச்சி அடித்துக்கொண்டிருந்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கெட், ஷாம்பு, பிரஷ், பழைய துணி எல்லாம் எடுத்து வைத்தேன். என்னவர் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு வலது கையும் பேச்சும் சரியாகத் திரும்பவில்லை. ஒரு வார்த்தை வர நேரமாகும். வரும்போது வாய் கோணும், எச்சில் வழியும். அதனால் வீட்டில் மட்டும்தான் பேசுவார். வெளி வாசலைத் தாண்டுவதே இல்லை. ஆஸ்பத்திரிக்குக்கூடத் தெரு விழிப்பதற்கு முன்னால் கிளம்பிவிடுவோம். நிச்சயத்தன்று பட்டு வேட்டி கட்டி நாற்காலியில் உட்காரவைத்தேன். சிரித்தபடியே இருந்தார். லேசான பக்கவாதம், இப்போது சரியாகிவிட்டது என்று மாப்பிள்ளை வீட்டில் நான் சொல்லியிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் என்னைப் பார்த்து, "மூ... மூடு... மூடிட்டு..." என்றார்.

"சரிங்க, கதவை மூடிட்டே போறேன்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். இல்லை என்றா, ஆமாம் என்றா, நின்று பார்க்கவில்லை. பாதி நாள் அவர் சொல்வது எனக்குப் புரியாது. புரிந்தமாதிரி சரி என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். கதவை மூடிக்கொண்டு தெருவுக்கு வந்தேன்.

வண்டியை முந்தின நாளே ஷெட்டிலிருந்து எடுத்துத் தெருவில் நிறுத்தியதால் எஞ்சின் ஆறிக் கிடந்தது. அது தானாக அமைந்த நல்லது. மாஸ்க்கும் கையுறையும் போட்டுக்கொண்டு பானெட்டைத் திறந்தேன். ஹோஸை எடுத்து, குழாயைத் திருகி, எங்கே அதிக அழுக்கோ அங்கே பிடிக்கப் போனேன்.

பின்னாலிருந்து ஒரு சத்தம். வார்த்தை இல்லை, தொண்டையிலிருந்து வந்த ஒரு கத்தல். திரும்பினால், லுங்கியும் பனியனுமாக, ஊன்றுகோலோடு, இழுத்து இழுத்து நடந்து வெளிவாசல் கேட்டுக்கு வந்துவிட்டார். வாய் கோணி, மோவாயில் எச்சில். "வே... வேண்...டாம்!"

எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தார். பால் வண்டிக்காரர் நின்றார். இத்தனை மாதம் கழித்து வெளியே வந்துவிட்டாரே என்று எனக்குச் சந்தோஷம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. யார் யார் பார்க்கிறார்கள் என்றுதான் என் கண் தெருவைச் சுற்றியது. அதை அவர் பார்த்தார். ஒரு நொடி உள்ளே திரும்பிவிடுவாரோ என்று நினைத்தேன். திரும்பவில்லை. இடது கையால் மோவாயைத் துடைத்துக்கொண்டு காரிடம் வந்தார்.

குழாயை மூடினேன். அவர் ஃபியூஸ் பெட்டியைக் கோலால் தொட்டார். "மூடு." பிறகு காற்று உள்ளே போகும் வாயைத் தொட்டார், கரண்ட் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரைத் தொட்டார். "மூடு... மூடு."

அப்போதுதான் விளங்கியது. கதவை அல்ல. தண்ணீர் படக்கூடாததையெல்லாம் மூடச் சொல்லியிருக்கிறார்.

அதன்பின் அவர் சொல்வதை முடிக்கும்வரை நின்றேன். முதலில் பேட்டரியின் கறுப்பு ஒயரை ஸ்பேனரால் கழற்றி ஒதுக்கினோம். பாலிதீன் பைகளை வைத்து ரப்பர் பேண்டால் கட்டினேன். எலிப் புழுக்கையைக் காய்ந்தபடியே பெருக்க அவர் விடவில்லை, தூசி மூக்கில் ஏறும் என்று. கிருமிநாசினித் தண்ணீரைத் தெளித்து ஊறவிட்டுத் துணியால் எடுத்தேன். பிறகு ஷாம்புத் தண்ணீரில் பிரஷ்ஷை நனைத்துத் தேய்ப்பதும், ஈரத்துணியால் துடைப்பதும்தான். ஹோஸ் கிட்டேயே வரவில்லை. ஒரு ஒயரின் மேல்தோலை எலி கடித்திருந்தது. அவர் குனிந்து பார்த்து, "எலக்...ட்ரீஷியன்" என்று முழுதாகச் சொன்னார்.

பாதி வேலையில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. சம்பந்தியும் சம்பந்தியம்மாவும்.

என் முகத்தில் கரி, நைட்டியில் கரி. அவர் லுங்கியில். முந்திக்கொண்டு, "வாங்க, வாங்க, உள்ள போய் உக்காருங்க" என்று நான் அவரை மறைத்தமாதிரி நின்றேன். அவர் என் பின்னாலிருந்தே, "வா...ங்... வாங்க" என்றார். அதற்கு எவ்வளவு நேரமானதோ அவ்வளவு நேரமும் அவர்கள் இருவரும் அசையாமல் நின்றார்கள்.

சம்பந்தியம்மாதான் முதலில் பேசினார். "அண்ணனுக்குப் பேச்சு வரலையா?"

கையிலிருந்த பிரஷ்ஷைப் பக்கெட்டில் போட்டேன்.

"நிச்சயத்துல ஒரு வார்த்தை பேசலையே. எங்க புள்ளைய அவருக்குப் பிடிக்கலைன்னு நெனச்சுக்கிட்டோம். வீட்ல தினமும் இதே பேச்சு. இன்னிக்கு நேராவே கேட்டுடலாம்னுதான் கெளம்பி வந்தோம். அன்னிக்குக் கார்ல அதுக்காகத்தானே அண்ணன் எப்படி இருக்காங்கன்னு கேட்டேன். ரெஸ்ட்ல இருக்காங்கன்னுட்டீங்க."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். கையுறையைக் கழற்றினேன், மறுபடி போட்டேன். அவர்கள் சம்பந்தமே வேண்டாம் என்று சொல்லிவிடக்கூடாதே என்று பயந்துதான் மறைத்தேன் என்று சொல்ல வாய்வரை வந்தது. மகளுக்காக என்று சொல்லலாம். ஆனால் அது முழு உண்மை இல்லை என்பது எனக்கே தெரிந்திருந்தது. தெருவில் அவரைப் பார்த்ததும் என் கண் போன இடம் எனக்குத் தெரியும்.

அதற்குள் என்னவர் கோலைக் காரில் சாய்த்துவிட்டுச் சம்பந்தியின் கையை இடது கையால் பிடித்துக்கொண்டார். "மா...ப்...ளைய..." என்று ஆரம்பித்தார். நிறுத்தினார். மூச்சு வாங்கினார். 'பிடிச்சிருக்குன்னு சொல்றாங்க' என்று முடித்துவைக்க என் நாக்கு துடித்தது. சம்பந்தியம்மா என் முழங்கையைத் தொட்டார். நான் அடங்கினேன்.

"பிடி...ச்...சிருக்கு" என்றார்.

 சம்பந்தி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எஞ்சினுக்குள் குனிந்தார். "மண்டியிலயும் எலிதான் சம்பந்தி, சாக்கு சாக்கா கடிச்சுப் போடுது" என்றார். இருவரும் ஈரத்தை ஒற்றி எடுத்தார்கள். வெயிலில் பானெட் திறந்தே கிடந்தது. காய்ந்தபின் பைகளை அவிழ்த்து, துணி ஏதும் உள்ளே மாட்டியிருக்கிறதா என்று பார்த்து, கறுப்பு ஒயரைக் கடைசியாக மாட்டினோம். சாவியைத் திருகினேன். இரண்டாம் திருகலில் எஞ்சின் பிடித்தது.

காபி குடிக்கும்போது சம்பந்தியம்மா மெதுவாகச் சொன்னார்: "அந்த நாத்தத்துல எனக்குப் பாலத்துலயே வாந்தி வந்துடும்போல இருந்துச்சு. நீங்க ஆத்தைச் சொன்னீங்களா, சிரிக்கவும் முடியல." நானும் சிரித்தேன். ஆனால் டம்ளரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கல்யாணத்தன்று மண்டப வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்றது அவர்தான். கோலை ஊன்றி, ஒவ்வொருவருக்கும் "வா...ங்க" சொன்னார். வரிசை தேங்கியது, யாரும் முணுமுணுக்கவில்லை. நான் பக்கத்தில் பன்னீர்ச் செம்போடு நின்றேன். பெரும்பாலும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். என் ஆபீஸ்காரர்கள் வந்தபோது மட்டும், அவர் ஆரம்பித்ததை அவசரமாக நானே முடித்துவிட்டேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்து வந்தவரைப் பார்த்து மறுபடி ஆரம்பித்தார்.