ஒரே எண்ணில் ஆறு இருக்கைகள்

சுற்றுவட்டார ஊர்களிலிருந்து கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கு ஷிப்டு பஸ் விடும் ஒரு சிறிய கம்பெனியில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். ஆளுக்கொரு இருக்கை ஒதுக்கும் மாதப் பாஸுக்கு ஆன்லைனில் பணம் கட்டலாம். அந்தப் பணத்தை வசூலித்துத் தரும் நிறுவனத்தோடு எங்கள் மென்பொருள் பேசிக்கொள்ளும் வழிக்கு ஏபிஐ என்று பெயர். பழைய ஏபிஐயை மூடப்போகிறோம், புதியதற்கு மாறிவிடுங்கள் என்று அவர்களிடமிருந்து மெயில் வந்தது. கார்டு, யுபிஐ, நெட் பேங்கிங் ஒவ்வொன்றையும் எப்படி மாற்றுவது என்று திட்டம் போடும் வேலை என் தலையில் விழுந்தது.

விழுந்தது என்று சும்மா சொல்கிறேன். எனக்குப் பிடித்த வேலை அது. வீடு மாறும்போது பாதிச் சாமானைத் தூக்கிப் போட்டுவிடுகிற ஆள் நான். புதிய ஏபிஐயில் ஒரு யுபிஐ கணக்கை ஒரு பயணியோடுதான் இணைக்க முடியும். எங்கள் பட்டியலிலோ ஆரம்பாக்கம் நிறுத்தத்தில் ஆறு பெயர்களுக்கு ஒரே போன் எண், ஒரே யுபிஐ. யாரோ தெரியாமல் ஆறு முறை பதிந்திருக்கிறார்கள் என்று முடிவுகட்டி, ஐந்து வரிகளுக்கு மஞ்சள் அடித்து 'நீக்கவும்' என்று எழுதினேன். மேனேஜரும் சரி என்றுவிட்டார்.

அந்த வாரம் பைக் மக்கர் பண்ணியதால் எங்கள் பஸ்ஸிலேயே போனேன். ஆரம்பாக்கத்தில் ஓர் அக்கா தன் போனில் ஆறு பாஸ்களை ஒவ்வொன்றாகத் தள்ளி டிரைவரிடம் காட்டினார். பின்னாலேயே ஐந்து பெண்கள் ஏறினார்கள். எல்லோரும் ஒரே பேக்கிங் யூனிட்டில் வேலை பார்ப்பவர்கள். முன் சீட்டிலிருந்து திரும்பி, ஏன் அக்கா எல்லாம் உங்கள் போனிலேயே என்று கேட்டேன்.

"இவங்க ஊட்ல இருக்கிற ஒரு போனையும் ஆம்பளைங்க எடுத்துக்கினு பூடறாங்க தம்பி. எங்கைல காசு குடுத்துடுவாங்க, நான் கட்டிடுவேன்" என்றார். பிறகு நான் கேட்காமலே சொன்னார்: "மின்ன எட்டு பேரு வந்தோம். போன தபா இன்னாவோ மாத்தறோம்னு போன் நம்பர் இல்லாதவங்க சீட்டெல்லாம் எடுத்துட்டாங்க. என் நம்பர குடுத்து திரும்ப வாங்கறதுக்குள்ள ரெண்டு சீட்டு வேற ஆளுக்குப் பூட்ச்சி. அந்த ரெண்டு பேரும் வேலையே வுட்டுட்டாங்க."

போன தபா மாற்றியவன் நான்தான். களையெடுக்கிறேன் பேர்வழி என்று பயிரைப் பிடுங்கியிருக்கிறேன். அந்த மாற்றத்துக்கான அறிக்கையின் முடிவில் 'புகார் எதுவும் இல்லை' என்று எழுதி மேனேஜரிடம் சபாஷும் வாங்கினேன். எங்களிடம் புகார் செய்ய ஆப் ஒன்றுதான் வழி. போன் இல்லாதவர் எதில் புகார் செய்வார் என்று அன்று எனக்குத் தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது.

ஆபீஸுக்குப் போனதும் மஞ்சளை எடுத்தேன். அக்கா ஒரு பயணி, அவர் பெயரின் கீழ் ஆறு இருக்கைகள் என்று திட்டத்தைத் திருத்தி எழுதினேன். இதற்கு ஒரு வாரம் கூடுதலாக வேண்டும் என்றபோது, ஆறு பேருக்காகவா என்று மேனேஜர் முறைத்தார். நான் நகராமல் நின்றதைப் பார்த்து ஒப்புக்கொண்டார்.

புதிய ஏபிஐக்கு மாறிய முதல் நாள் காலை ஆரம்பாக்கத்தில் போய் நின்றேன். ஆறு பேரும் ஏறினார்கள். அக்கா என்னைப் பார்த்துச் சிரித்துக் கையாட்டினார்.

அன்று மதியம் அறிக்கை எழுதும்போது புகார் கட்டத்தில், போன மாற்றத்துக்கும் சேர்த்து, 'இரண்டு' என்று எழுதினேன். யார் கொடுத்த புகார் என்று மேனேஜர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.