பெரும்புள்ளி

மூன்றாவது தடவையும் நட்டு கிளையைத் தாண்டவில்லை. மெல்லிய கயிற்றின் நுனியில் கட்டிய இரும்பு நட்டு அது. முன்னும் பின்னும் ஆட்டி, மரக்கிளைக்கு மேலே வீச வேண்டும். மறுபக்கம் வந்து விழுந்தால் கயிற்றோடு ரேடியோவின் ஏரியல் கம்பியை மேலே இழுத்துவிடலாம். முன்பெல்லாம் அவருக்கு ஒரே வீச்சு. இப்போது நட்டு தன் இஷ்டத்துக்குப் போகிறது. ஒரு தடவை பூச்செடிக்குள் போய் விழுந்தது. இன்னொரு தடவை பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனைவியின் செருப்புக்குப் பக்கத்தில். அவள் காலை மட்டும் இழுத்துக்கொண்டாள்.

"என்ன சார், மரத்துல மீன் பிடிக்கிறீங்களா?" என்றார் பூங்காக் காவலாளி. வாராவாரம் இதே கேள்விதான். வாராவாரம் அப்போதுதான் தோன்றிய மாதிரி சிரித்துக்கொள்வார்.

வழக்கமாக, "ஆமா, சுறா ஒண்ணு மேல ஏறிடுச்சு" என்று பதில் கிடைக்கும். இன்று அவருக்குக் கயிறுதான் கிடைத்தது. "நீங்க ஒரு தடவை போட்டுப் பாருங்க." காவலாளி பிறந்ததிலிருந்து இப்படி எதையும் வீசியதில்லை. நட்டு கிளையைத் தாண்டி அந்தப் பக்கம் அலுங்காமல் இறங்கியது. "இவ்வளவுதானா சார்?" என்று அவர் கேட்டது நல்ல மனசோடுதான்.

வீட்டில் நம்மவருக்குப் பெரும்புள்ளி என்று பெயர். காரும் பங்களாவும் வைத்திருக்கிற ஆள் என்று எண்ணிவிட வேண்டாம். கண்ணாடிக் கடையில் மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் பொருத்துகிறவர். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் பூங்காவுக்கு வந்து கையடக்க ரேடியோவில் மோர்ஸ் தட்டுவார். பரீட்சை எழுதி அதற்கு லைசென்ஸும் வைத்திருக்கிறார். மோர்ஸில் இருப்பது இரண்டே சரக்கு. சின்னச் சத்தம் புள்ளி, நீளச் சத்தம் கோடு. இரண்டையும் கோத்தால் எழுத்து. "வாரம் தவறாம புள்ளி வெக்கிறாரே, நம்ம குடும்பத்துல இவர்தான் பெரும்புள்ளி" என்று மைத்துனர் ஒரு விருந்தில் போட்ட போடு அப்படியே ஒட்டிக்கொண்டது. அவரும் கோபித்துக்கொள்ளவில்லை. உள்ளூரச் சந்தோஷம்கூட.

ரேடியோ ஒரு சோப்பு டப்பாவுக்குள் அடங்கிவிடும். "அஞ்சே வாட்டு. பாத்ரூம் பல்பு இதைவிட அதிகம் தின்னும்" என்று பீற்றிக்கொள்வார். அந்த அஞ்சு வாட்டை வைத்துக்கொண்டு கடல் கடந்து பேசிவிடுவார். சட்டைப்பையில் இருக்கிற செல்போனில் இதைவிடச் சுலபமாகப் பேசலாமே என்று அவரைக் கேட்காதவர் கிடையாது. "போன்ல யாரு வேணா பேசலாம். இதுல கைதான் பேசணும்" என்பார்.

கை என்றால் வெறும் கை அல்ல. மோர்ஸ்காரர்கள் ஒருவருடைய தட்டும் பாணியைக் கை என்கிறார்கள். புள்ளியை எவ்வளவு சுருக்கமாக வைக்கிறார், எந்த எழுத்துக்கு முன்னால் மூச்சு வாங்குகிறார் என்று கேட்டே ஆளைச் சொல்லிவிடுவார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் ஒருவர் இருக்கிறார். கோடுகளை அவர் இழுக்கிற இழுப்பில் கேட்கிறவர்களுக்குத் தூக்கம் வந்துவிடும். அதனால் இந்த வீட்டில் அவருக்குக் கொட்டாவி என்று பெயர். முகம் பார்த்ததில்லை, குரல் கேட்டதில்லை. மகள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த காலத்துப் பழக்கம். அந்த மகளுக்கே இப்போது கல்யாணமாகிவிட்டது. பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்வதில்லை. உங்கள் பக்கம் மழையா, எங்கள் பக்கம் வெயில், முட்டிவலி பரவாயில்லை. ஒரே ஒரு தடவை கொட்டாவி, "ஆயிரம் பேர் ஒன்றாகத் தட்டினாலும் உன் கை எனக்குத் தெரியும்" என்று அனுப்பினார். பெரும்புள்ளி அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் மனைவியிடம் சொன்னார். அப்புறம் மகளிடம், மைத்துனரிடம், கடைக்குக் கண்ணாடி வாங்க வந்து மாட்டிக்கொண்ட ஒருவரிடம்.

பேச்சை முடிக்கும்போது இவர்களுக்குள் ஒரு மரியாதை உண்டு. எல்லாம் பேசியான பிறகு ஒருவர் இரண்டு புள்ளி வைப்பார், டிக் டிக். மற்றவரும் பதிலுக்கு இரண்டு வைக்க வேண்டும். "வாசல் வரைக்கும் வந்து வழியனுப்புறோம் இல்ல, அந்த மாதிரி" என்பார் பெரும்புள்ளி. அந்த இரண்டு புள்ளி வராமல் கொட்டாவி ஒரு நாளும் போனதில்லை.

கை இப்போது நடுங்குகிறது. முதலில் கட்டைவிரல் மட்டும்தான் ஆடியது. பிறகு மணிக்கட்டு வரை ஏறிவிட்டது. நரம்பு டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்து, "நிறுத்த முடியாது, கொஞ்சம் தள்ளிப் போடலாம்" என்றார். மூக்குக்கண்ணாடியின் திருகு கடுகைவிடச் சின்னது. விழுந்தால் காந்தத்தை வைத்துத் தேட வேண்டும். அவர் லென்ஸ் பொருத்துகிற நேரத்தைவிடத் தரையில் தவழ்கிற நேரம் அதிகமாயிற்று. முதலாளி நல்ல மனிதர். "நீங்க முன்னாடி நின்னு பிரேம் எடுத்துக் காட்டுங்க, அது போதும்" என்றுவிட்டார். பெரும்புள்ளி இப்போது கண்ணாடி அலமாரிக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார். எது நன்றாக இருக்கும் என்று கேட்டால் முகவாயால் காட்டுகிறார்.

வீட்டில் டம்ளரில் காபி பாதிதான் வருகிறது. "பால் திரிஞ்சிடுச்சு, இவ்வளவுதான் தேறிச்சு" என்கிறாள் மனைவி. தினமும் எப்படித் திரியும் என்று அவர் கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை பூங்காவுக்கும் அவளே கூட வந்துவிடுகிறாள். "வீட்டுல உக்காந்து நார் உரிக்கிறதுக்கு இங்க காத்தாட உரிக்கலாம்" என்று பீன்ஸ் பையோடு வருவாள். அதையும் அவர் நம்பிய மாதிரி இருந்துகொள்கிறார்.

இதையெல்லாம்கூட அவர் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாதது வேறு. வானலையில் ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாளக் குறி உண்டு. இவருடையது எஸ் என்ற எழுத்தில் முடியும், பழகியவர்கள் எஸ் என்றே கூப்பிடுவார்கள். எஸ்ஸுக்கு மூன்று புள்ளி. நடுங்குகிற கை மூன்றோடு நிற்குமா? நாலாவதும் விழுந்துவிடுகிறது. நாலு புள்ளி என்றால் எச். எதிரே இருப்பவர் எச் என்று கூப்பிடுகிறார். இல்லை, எஸ் என்று திருத்தப் போனால் மறுபடி நாலு, விட்டால் அஞ்சு. அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. மோர்ஸில் தப்பாகத் தட்டிவிட்டால் எட்டுப் புள்ளியைத் தொடர்ந்து வைப்பார்கள். சொன்னதை அடித்துவிடுங்கள் என்று அர்த்தம். தட்டுகிற கட்டையின் குமிழ்மேல் கை சும்மா கிடந்தாலே போதும், அந்த எட்டுப் புள்ளி தானாகக் கொட்டுகிறது. அவர் எதைச் சொன்னாலும் அவர் கையே பின்னால் வந்து அடித்துவிட்டுப் போகிறது. "எங்கிட்டேருந்து சுத்தமா வர்றது தப்புங்கிற வார்த்தை ஒண்ணுதான்" என்று மனைவியிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். அவள் சிரிக்கவில்லை.

இடது கை நடுங்குவதில்லையே, அதில் தட்டுங்களேன் அப்பா என்றாள் மகள் போனில். "அது அடுத்த வீட்டுக்காரன் கை" என்றுவிட்டார். புள்ளியைத் தானே எண்ணிப் போடுகிற கருவி கிடைக்கிறதாமே என்றாள். "அப்ப மெஷின் பேசும். நான் எதுக்கு?"

கொட்டாவியிடம் மட்டும் இந்தக் கையைக் காட்டக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தார். கொட்டாவி விட்டால்தானே? ஞாயிறுதோறும் அதே நேரத்துக்கு வந்து எஸ்ஸைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். கொஞ்சம் விட்டு மறுபடி கூப்பிடுவார். பெரும்புள்ளி ரேடியோவைத் திறந்து வைத்துக்கொண்டு, வலது கையைத் தொடைக்கு அடியில் போட்டுக்கொண்டு, கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பார். கதவைத் தட்டுகிறவர் போகட்டும் என்று விளக்கை அணைத்துவிட்டு உள்ளே இருக்கிற மாதிரி. மனைவிக்கு மோர்ஸில் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் அந்த இழுப்பு அவளுக்கும் அத்துப்படி. "உங்க கொட்டாவி வந்துட்டாரு" என்பாள்.

போன வாரம் அவளுக்கே பொறுக்கவில்லை. "பாவங்க அந்த மனுசன். நீங்க இருக்கீங்களா இல்லையான்னே தெரியாம கூப்பிட்டுக்கிட்டிருக்காரு. ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"இந்தக் கையைக் கேட்டா யாருன்னு தெரியாது அவருக்கு."

"ஏன் தெரியாது? ஆயிரம் பேர்ல தெரியும்னு சொன்னவர்தானே?"

அந்த ஒரு பேச்சு அவருக்குள் வாரம் முழுக்க ஊறிக்கொண்டிருந்தது. இன்று காலையிலேயே சவரம் செய்துகொண்டார். முகம் தெரியாத ரேடியோவுக்குச் சவரம் எதற்கு என்று அவள் கேட்கவில்லை. கன்னத்தில் இரண்டு இடத்தில் வெட்டு.

கம்பி மேலே ஏறியது. தட்டுகிற பித்தளைக் கட்டையை பெஞ்சுப் பலகையில் வைத்து, அதன் கறுப்புக் குமிழைத் துடைத்தார். மனைவி பக்கத்தில் பீன்ஸைப் படக் படக்கென்று ஒடித்தாள்.

"சத்தமில்லாம ஒடியேன். கோடா புள்ளியான்னு குழம்புது."

"பீன்ஸும் மோர்ஸ் பேசுதாக்கும்" என்றாள். ஆனாலும் மடிக்குள் மறைத்து வைத்து ஒடித்தாள்.

கொட்டாவி வந்தார். எஸ், எஸ் என்று கூப்பிட்டுவிட்டு நின்றார். பெரும்புள்ளி மூச்சை இழுத்துக்கொண்டு குமிழில் கையை வைத்தார். தன் குறியின் முதல் எழுத்துகள் ஒழுங்காகப் போயின. கடைசி எழுத்தில் நாலு புள்ளி விழுந்தது.

பிறகு எச் என்று கூப்பிட்டார் கொட்டாவி. கோடுகளை இன்னும் நீட்டி, எழுத்துக்கு எழுத்து இடம் விட்டு அனுப்பினார். புதிதாகப் பழகுகிறவர்களுக்கென்று வைத்திருக்கிற வேகம் அது. வணக்கம், வானலைக்குப் புதியவரா, மகிழ்ச்சி என்றார். அவர்கள் தட்டுகிற ஆங்கிலத்தில் நீ, நீங்கள் என்ற வித்தியாசம் கிடையாது. ஆனாலும் பெரும்புள்ளியின் காதில் இன்று நீங்கள் என்றே விழுந்தது.

"என்ன சொல்றாரு?" என்றாள் மனைவி.

"வணக்கம்ங்கிறாரு."

நான்தான் எஸ் என்று தட்டப் போனார். பாதியிலேயே எட்டுப் புள்ளி கொட்டியது. மறுபடி தட்டினார், மறுபடி கொட்டியது. கொட்டாவி பொறுமையாகக் காத்திருந்தார். "அவசரமில்லை. நிதானமாகத் தட்டுங்கள். பழகப் பழக வந்துவிடும்" என்றார்.

"உங்க பேரைத் தட்டுங்களேன்" என்றாள் மனைவி. அவர் முகத்தைப் பார்த்தே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"என் பேர்லயும் பாதி புள்ளிதான்."

கொட்டாவி தொடர்ந்தார். புதியவருக்கு ஒரு நல்லது சொல்கிற உற்சாகம் அந்த இழுப்பிலேயே தெரிந்தது. "உங்கள் பக்கம் எஸ் என்று ஒருவர் இருக்கிறார். கிடைத்தால் அவர் தட்டுவதைக் கேளுங்கள். அப்படி ஒரு கையை நான் வேறெங்கும் கேட்டதில்லை. கொஞ்ச நாளாகக் காணோம், கவலையாக இருக்கிறது. உங்களுக்கு அவரைத் தெரியுமா?"

பெரும்புள்ளிக்கு அழுகை வந்துவிட்டது. எதிரே ஊஞ்சலில் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். கண்ணைத் துடைக்கப் போனால் விரல் எங்கே குத்துமோ என்று துடைக்காமலே உட்கார்ந்திருந்தார். தன்னைத் தேடுகிறவர் தன்னிடமே வந்து விசாரிக்கிறார். நான்தான் அது என்று சொல்ல ஒரு வழி இல்லை. சொன்னாலும் நம்புகிற மாதிரி இல்லை இந்தக் கை.

பிறகு நோ என்று தட்டினார். ஒரு கோடு, ஒரு புள்ளி, மூன்று கோடு. அந்தச் சொல்லில் புள்ளி ஒன்றே ஒன்று. தட்டி முடித்ததும் இடது கையால் வலது கையைப் பிடித்துக் குமிழிலிருந்து எடுத்துவிட்டார். பிசிறே இல்லாமல் போயிற்று. பல மாதங்களில் அவர் ஒழுங்காகச் சொல்லி முடித்த சொல் அது ஒன்றுதான்.

"என்ன கேட்டாரு?"

"எஸ்ஸைத் தெரியுமான்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தெரியாதுன்னுட்டேன்."

அவள் கையிலிருந்த பீன்ஸை ஒடிக்காமல் பைக்குள் போட்டாள்.

கொட்டாவி மகிழ்ந்துபோனார். "பார்த்தீர்களா, இந்தச் சொல் எவ்வளவு அழகாக வந்தது! விட்டுவிடாதீர்கள். அடுத்த ஞாயிறும் வாருங்கள். எஸ் வருவாரா என்று நான் எப்படியும் இங்கேதான் இருப்பேன்." அதன் பிறகு இரண்டு புள்ளி வைத்தார். கொஞ்சம் பொறுத்து, புதியவருக்கு வழக்கம் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தோ என்னவோ, இன்னும் ஒரு தடவை வைத்தார்.

"போயிட்டாரா?" என்றாள் மனைவி.

"இல்ல. வாசல்ல நிக்கிறாரு."

இரண்டே புள்ளி. வைத்துவிட்டால் அவர் நிம்மதியாகப் போய்விடுவார். பெரும்புள்ளி கையைக் குமிழ்ப் பக்கம் கொண்டுபோகவில்லை. மடியில் கிடந்து துடித்துக்கொண்டிருந்த அந்த வலது கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடது கையின் ஆள்காட்டி விரலை நீட்டி, வலது புறங்கையில் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டினார்.