சுருங்காத அறுபத்துநான்கு போர்வைகள்

ஜனவரி 1: போர்வை 64. தண்ணீர் 40 டிகிரி.
பிப்ரவரி 1: போர்வை 64. தண்ணீர் 40 டிகிரி.
மார்ச் 1: போர்வை 64. தண்ணீர் 40 டிகிரி.
மார்ச் 15: போர்வை 63.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பதினொரு வருஷமாக இந்த நோட்டை எழுதி வந்தவரை எல்லோரும் 'டிகிரி' என்றே கூப்பிட்டார்கள். படித்து வாங்கியதல்ல, கையில் தெர்மாமீட்டர் இல்லாமல் அவரைப் பார்த்தவர் கிடையாது. விரிப்புகளைக் கொதிக்கக் கொதிக்கத் துவைப்பார். கம்பளிப் போர்வைக்கு மட்டும் வெதுவெதுப்பான தண்ணீர், சூடு ஏறினால் சுருங்கிவிடும் என்று. இதுவரை ஒன்றுகூடச் சுருங்கவில்லை என்பதில் அவருக்குத் தலைகால் புரியாத பெருமை.

பிப்ரவரி 5 அன்று அறுவைப் பிரிவு நர்ஸ் படியிறங்கி வந்தாள்.

"அண்ணே, ரெண்டு பேருக்குப் புண்ணுல சீழ். அதே கிருமி போர்வையிலயும் இருக்குன்னு லேப்ல சொல்றாங்க."

போர்வையையும் கொதிக்க வைக்கலாமா என்று கேட்க, டிகிரி ஸ்டோர் அதிகாரியிடம் ஓடினார்.

"கொதிக்க வெச்சுச் சுருங்கிப் போனா, நோயாளிங்க உங்க நோட்டையா போத்திக்குவாங்க?" என்றார் அதிகாரி. "பருத்திப் போர்வை வேணும்னு எழுதிக் குடுங்க. மேல அனுப்பறேன்."

எழுதிக் கொடுத்தார். பதில் இல்லை. மறுபடி எழுதினார். அதுவரைக்கும் நாற்பது டிகிரியே ஓடியது.

மார்ச் 6 அன்று அவர் மனைவி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். அறுவை முடிந்து பன்னிரண்டாம் கட்டிலில் கிடந்தவள் மேல் அவர் கையால் மடித்த போர்வை. வீட்டிலிருந்து கொண்டுவர அனுமதி இல்லை.

"அதை எடுத்துடும்மா," என்று நர்ஸிடம் கெஞ்சினார்.

"எடுத்துட்டு எதைண்ணே போத்தறது?"

பதினான்காம் தேதி ஜுரம். கட்டுக்கடியில் சீழ். மறுநாள் காலை அந்த ஒரு போர்வையை மட்டும் அண்டாவில் போட்டுக் கொதிக்க வைத்தார். உலர்த்தி எடுத்தபோது பாதியாகியிருந்தது.

"என்னங்க இது, கைக்குட்டையா?" அவளுக்குப் பல் கிட்டியது.

"நூறு டிகிரி. சுத்தமா இருக்கு."

"உங்க டிகிரியைக் குப்பையில போடுங்க. பழசையே கொண்டாங்க, குளிருது."

அவர் கொண்டுவரவில்லை. மார்பை மூடினால் கால் தெரிந்தது. சட்டையைக் கழற்றி அவள் காலில் சுற்றிவிட்டுப் பனியனோடு உட்கார்ந்திருந்தார்.

மார்ச் 19 காலை 10.20க்குக் கட்டில் காலியானது.

ஈமக்காரியம் முடிந்த மறுநாள், யாரையும் கேட்காமல், மீதி அறுபத்துமூன்றையும் கொதிநீரில் தள்ளினார். அதிகாரி தலையில் அடித்துக்கொண்டார். வேறு வழியில்லாமல் நர்ஸ் அலமாரியைத் திறந்து, கொதிநீரில் துவைத்த விரிப்புகளை மூன்று மூன்றாக அடுக்கி ஒவ்வொருவருக்கும் போர்த்தினாள். யாரும் நடுங்கவில்லை.

டிகிரி வாசலில் நின்று பார்த்தார். மூன்று விரிப்பு. அலமாரி எப்போதும் அங்கேதான் இருந்தது. அடுக்கி வைத்ததும் அவர்தான்.

நோட்டில் எழுதினார்: போர்வை 0.

பருத்திப் போர்வை அறுபத்துநான்குக்கு அனுமதி தந்த கடிதம் வந்து சேர்ந்த நாள் ஏப்ரல் 9.