எயார்போட்டுக்கு ரயில் இல்லாத நகரம்

"2004 யூலை, ஞாயிறு பின்னேரம். மாமா போன். சாவோ பாலோ. குளிராம்."

பத்து வயதில் பள்ளிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் நான் பென்சிலால் எழுதிய குறிப்பு இது. வாசிக்கும்போதெல்லாம், மாமாவின் குரலுக்கு முன்னால் போனில் வரும், எண்ணெய் காய்வது போன்ற இரைச்சல் காதில் கேட்கிறது.

கனடாவுக்கென்று, ஆட்களைக் களவாகக் கூட்டிப்போகும் ஏஜென்டோடு யாழ்ப்பாணத்திலிருந்து கிளம்பிய அம்மாவின் தம்பி, வழியில் பிரேசிலின் அந்தப் பெருநகரில் நிற்பதாகச் சொன்னார். நாங்கள் குடியிருந்த கோலியர்ஸ் வுட்டிலிருந்து, காசு கட்டும் அப்பா 'சரி' சொன்னால்தான் ஏஜென்ட் அவரை அடுத்த இடத்துக்கு நகர்த்துவான். ஆள் அங்கே இல்லாமல் 'சரி' சொல்லிவிட்டால், பிறகு எங்கே தேடுவது?

போனில் நம்பர் விழுவதில்லை என்பதிலேயே அப்பாவுக்குச் சந்தேகம் தொடங்கிவிட்டது. விமான நிலையத்திலிருந்து பஸ்ஸில் வந்து பிறகு மெட்ரோ பிடித்ததாக மாமா சொன்னபோது, ஹீத்ரோவுக்கு ரயிலிலேயே போய்ப் பழகிய அப்பா போனைக் கையால் பொத்திக்கொண்டார்.

"அவ்வளவு பெரிய ஊரில எயார்போட்டுக்கு ரெயின் இல்லையாம். பிரேசிலில குளிருதாம். உம்மடை தம்பி வேற எங்கையோ நிண்டு கதை விடுறார்."

நூலகத்திலிருந்து வழிகாட்டிப் புத்தகம் எடுத்துவந்தேன். காலநிலைப் பக்கத்தை நாங்கள் ஒருவரும் புரட்டவில்லை. மெட்ரோ வரைபடத்தை மட்டும் விரித்து வைத்துக்கொண்டு, அடுத்த ஞாயிறு அப்பா பரீட்சை வைத்தார். நீலப் பாதையில் 'சே' நிலையத்துக்குத் தெற்கே அடுத்தது எது? கொஞ்ச நேர இரைச்சலுக்குப் பின் மாமா, "லிபர்டாட்" என்றார். விடை சரி. அதுவே அப்பாவின் சந்தேகத்தைக் கூட்டியது.

"ஆரோ எழுதிக் குடுத்ததை வாசிக்கிறான்."

"வாசிச்சாலும் குரல் அவன்ரைதானே," என்றார் அம்மா.

மறுநாள் அப்பா வேலைக்குப் போனபின் ஏஜென்டுக்குச் 'சரி' சொன்னவர் அம்மாதான். பிறகு பதினொரு வாரம் போன் வரவில்லை. அப்பா அவரைக் கடிந்துகொள்ளவில்லை. ஞாயிறு தோறும் போனருகிலேயே இருந்தார். பன்னிரண்டாவது வாரம் டொரொன்டோவிலிருந்து மாமா பேசினார்.

அந்த வீடும் அந்தப் போனும் இப்போது எங்களிடம் இல்லை. சாவோ பாலோவில் யூலை குளிர்காலம் என்பதையும், விமான நிலையத்துக்கு ரயில் 2018இல்தான் வந்தது என்பதையும் பிற்காலத்தில் தேடி அறிந்து, மாமா சொன்னதெல்லாம் உண்மை என்று அவரிடமே போய்ப் பெருமையாகச் சொன்னேன். அப்பாவை நினைத்து அவர் சிரித்தார்.

"கொப்பர் கெட்டிக்காரன். பஸ், மெட்ரோ எல்லாம் ஏஜென்டின்ரை ஆள் எழுதித் தந்தது. என்னை மூடின வான் வண்டியில கொண்டுபோய் யன்னல் இல்லாத அறையில விட்டவங்கள். குளிர் மட்டும்தான் என்ரை சொல்."

யூலையில் குளிர் என்றால் அநேகமாகப் பூமத்திய ரேகைக்குத் தெற்கே. அந்த நகரம் சாவோ பாலோதானா என்பது இன்றுவரை உறுதிசெய்யப்படவில்லை.