ஓர்ஃபிலியா நலம்

ஓர்ஃபிலியாவுக்கு முப்பத்திரண்டு வயது. கணவன் எவரிஸ்தோ அவளைக் கிழவி என்றுதான் கூப்பிடுவான். உலகத்தின் தென்கோடியில், பத்தகோனியாவில், எல்லாப் புருஷன்மார்களும் அப்படித்தான், அதில் தப்பில்லை. அந்த ஒரு வார்த்தையைத் தவிர வேறு எதுவும் அவன் வாயில் வராத நாட்கள் இருந்தன. அதுதான் தப்பு.

பண்ணை முதலாளியின் வீட்டிலிருந்து குதிரையில் ஒரு நாள் தூரத்தில் இருந்தது அவர்கள் ஆடு காக்கும் காவல்வீடு. ஓர் அறை, ஓர் அடுப்பு, ஆயிரம் ஆடு, ஓயாத காற்று. விடிந்ததும் அவன் ஆடுகளோடு போவான், மதியம் வந்து சாப்பிடுவான், மறுபடி போவான். ஏழு வருஷமாக இதே கதை. அவள் கோழிகளோடு பேசினாள், பிறகு சுவரோடு பேசினாள். ஒருநாள் சுவர் பதில் சொன்னதுபோல் இருந்தது. அன்றைக்கு இருட்டும்வரை அவள் வீட்டுக்குள் போகவில்லை.

இருந்த ஒரே துணை வானொலி. மதியம் ஒரு மணிக்கு நகரத்து அறிவிப்பாளன் மேய்ச்சல் காட்டில் இருப்பவர்களுக்கு வந்த செய்திகளை வாசிப்பான். இன்னாருக்குப் பிள்ளை பிறந்தது, இன்னார் வெள்ளிக்கிழமை வருகிறார், குதிரையோடு சாலைக்கு வரவும். அந்த வட்டாரமே சோற்றுத்தட்டோடு உட்கார்ந்து கேட்கும். ஓர்ஃபிலியா மாத்தே என்கிற கசப்புத் தேநீரை ஊற்றி முதலில் கணவனுக்குக் கொடுப்பாள், அடுத்ததை வானொலிக்கு நேராக நீட்டுவாள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தானே குடிப்பாள்.

"பாட்டரி தீந்துடும், செய்தி முடிஞ்சா அணைச்சிடு" என்பான் எவரிஸ்தோ. வானொலிக்கு ஏன் மாத்தே நீட்டுகிறாள் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை.

நகரத்தில் இருந்த அக்கா சுல்மாவுக்கு அவள் எழுதித் தந்த மூன்று கடிதமும் அவனுடைய சேணப்பையிலேயே கிடந்தன.

"மறந்துட்டேன் கிழவி."

"மூணு தடவையுமா?"

"இப்ப என்ன குடியா முழுகிப் போச்சு? பனிக்காலம் முடியட்டும், நானே கூட்டிட்டுப் போறேன்."

போன வருஷமும் அதையேதான் சொன்னான்.

மே மாதம், அங்கே குளிர் தொடங்கும் நேரம், பனி விழுந்து பாதை அடைபடுவதற்குச் சில நாட்கள் முன்னால், துணியும் சர்க்கரையும் விற்கிற நசீப் வண்டியோடு வந்தார். எவரிஸ்தோ வீட்டில் இல்லை. அவள் ஒரு சீட்டை நீட்டினாள். "இதை ரேடியோக்காரன்கிட்ட கொடுத்துடுங்க அண்ணே."

நசீப் படித்தார். 'சுல்மா, எனக்கு உடம்பு சரியில்லை, புத்தியும் நிலையில் இல்லை. பனிக்கு முன்னால் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போ.'

"ஏம்மா, இதை ஊரே கேக்குமே."

"கேக்கட்டும்."

நசீப் யோக்கியர், சீட்டை அப்படியே கொண்டுபோய்ச் சேர்த்தார். வாசித்தவனும் கெட்டவன் இல்லை. ஆனால் இருபது வருஷமாக ஒரே வார்ப்பில் செய்தி வாசித்து அவன் நாக்கு பழகிவிட்டது. ஒரு குடும்பத்து மானத்தைக் காப்பாற்றுவதாகவும் நினைத்திருப்பான். நாசமாய்ப் போன மானம்!

ஐந்தாம் நாள் மதியம் அவள் மாத்தேயைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"நகரத்தில் சுல்மாவுக்கு: தங்கை ஓர்ஃபிலியா நலம். எல்லோரையும் காண ஆசை. அன்பு முத்தங்கள்."

எவரிஸ்தோ கறியை மென்றபடி சிரித்தான். "அட, ரேடியோலயே உன் பேரு. பாத்தியா, நல்லா இருக்கேன்னு நீயே சொல்லிட்ட."

"நான் அப்படிச் சொல்லலை."

"ஊரே கேட்டுதே கிழவி."

அவள் எழுதியதை ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். அவன் தட்டை வழித்துத் தின்று முடித்தான். "காத்து அப்படித்தான் ஆளைப் படுத்தும். கொஞ்சம் தூங்கு" என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு போனான். மறுநாளே பனி விழுந்தது.

அடுத்த வாரம் பதில் வந்தது. "எவரிஸ்தோவின் காவல்வீட்டில் ஓர்ஃபிலியாவுக்கு: நீ நலம் என்று கேட்டு நிம்மதி. பாதை அடைத்துவிட்டது, செப்டம்பரில் பனி உருகியதும் பார்ப்போம். அக்கா சுல்மா."

அந்த அறிவிப்பாளனின் குரலுக்குத்தான் அவள் ஏழு வருஷம் மாத்தே ஊற்றியிருந்தாள். இப்போது கையிலிருந்த மாத்தேயைத் தரையில் கொட்டினாள். அடுத்த செய்தி ஓடிக்கொண்டிருக்கும்போதே பாட்டரிக் கம்பியைப் பிடுங்கினாள்.

"அணைச்சிட்டியா? நல்லது" என்றான் எவரிஸ்தோ.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, அதனிடம் நடந்ததையெல்லாம் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.