பவளக்கல்லில் ஏறிய பச்சை

ஆய்வறைச் சாவியை என் கையில் கொடுக்கத் தலைமையாசிரியருக்கு மனமே இல்லை. மலைக் கிராமத்திலிருந்து படித்து வந்த பெண், அதிலும் தற்காலிக ஆசிரியை. "மீன் தொட்டிய மொதல்ல ஒழுங்கு பண்ணுங்க, பாக்கலாம்" என்றார்.

பழைய தொட்டியில் கண்ணாடிகளை ஒட்டியிருந்த மக்குப் பசை விரிசல் விட்டு நீர் கசிந்தது. கண்ணாடியெங்கும் பாசி. தலைமையாசிரியர் ராமேசுவரம் போய் வந்தபோது வாங்கிய இரண்டு பவளக்கற்கள் உள்ளே பச்சையாகக் கிடந்தன. நான்கு தங்கமீன்கள் எங்கே இருக்கின்றன என்று தேடத்தான் வேண்டும். திருப்பத்தூரில் செய்த புதுத் தொட்டியை வைக்கோல் சுற்றிப் பேருந்தில் ஏற்றி வந்தார்கள். "இதுவும் பச்சையாச்சின்னா சாவியத் திருப்பிக் குடுத்துருங்க" என்றார்.

பழைய தொட்டியின் பாசியில் ஒரு துணுக்குகூடப் புதியதற்குப் போகக் கூடாது என்று முடிவு செய்தேன். பவளக்கற்களைக் கொதிக்க வைத்து, கிணற்றுக்குப் போடும் பிளீச்சிங் பவுடரில் ஊற வைத்துத் தேய்த்து, பலமுறை அலசி மூன்று நாள் வெயிலில் போட்டேன். பழைய மணலைக் கொட்டிவிட்டுப் புது மணல் சலித்தேன். பழைய செடிகள் குப்பைக்குப் போயின. மீன்களை மட்டும் துணி வலையில் பிடித்து, இரண்டு பானை நல்ல தண்ணீரில் மாற்றி மாற்றி விட்டுவிட்டுத்தான் புதுத் தொட்டியில் சேர்த்தேன்.

பள்ளியைக் கூட்டிப் பெருக்கும் ஆயா வாசலில் துடைப்பத்தோடு நின்று பார்த்தாள். அவள் என் அப்பாவின் தங்கை. பள்ளிக்குள் நான் அவளை ஆயாம்மா என்றுதான் கூப்பிடுவேன். அத்தை என்று கூப்பிட்டதில்லை.

"இன்னா டீச்சரு, மீனுக்குத் தலைக்கு ஊத்துறியா? அப்பிடியே மஞ்சளும் பூசிவுடு."

பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

"பழைய தண்ணி கொஞ்சம் ஊத்துடி. ஒறை ஊத்தாம பாலு தயிராவுமா? அதுங்களுக்குப் பழகுன தண்ணி வேணும்" என்றாள்.

"ஒரு சொட்டும் ஊத்தக் கூடாது. தொட்டிப் பக்கமே வராதீங்க" என்றேன்.

சாலையைப் பார்த்த சன்னலோரம் தொட்டியை வைத்தேன். பேருந்திலிருந்து இறங்குகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். மண்டிச் சந்தைக்குப் புளி கொண்டு போகும் வழியில் என் அப்பாவும் நின்று பார்த்தார்.

இரண்டாம் வாரம் பவளக்கல்லின் ஓரத்தில் பச்சை தெரிந்தது. முதலில் நிழல் என்று நினைத்தேன். மறுநாள் சன்னல் பக்கக் கண்ணாடியும் வழுவழுத்தது.

நான் செய்ததில் தவறில்லை. அப்படியென்றால் யாரோ செய்கிறார்கள். பழைய தொட்டித் தண்ணீரைக் குடத்தில் பிடித்துச் சமையற்கட்டுப் பின்னால் மிளகாய்ச் செடிகளுக்காக வைத்துக்கொண்டவள் யார்? மீன்களுக்குப் பழகிய தண்ணீர் வேண்டும் என்றவள் யார்? அன்றிலிருந்து அவள் சொம்பைப் பார்த்தேன், கை ஈரத்தைப் பார்த்தேன். அவள் ஆய்வறைப் பக்கம் நடந்தால் பாடத்தை நிறுத்திக் காது கொடுத்தேன். தலைமையாசிரியரிடமும் சொல்லிவிட்டேன், "ஆயா மேல சந்தேகமா இருக்கு சார்" என்று. அவர் "விசாரிக்கிறேன்" என்று சொல்லி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

தொட்டியின் மூடிமேல் சாக்பீஸ் தூளை மெல்லத் தூவி வைத்தேன். மதிய உணவுக்குப் பிறகு வந்து பார்த்தேன். தூள் கலைந்திருந்தது. நாலு விரல் தடம்.

அவளை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன்.

"பழைய தண்ணி ஊத்துனீங்களா?"

"ஊத்துனேன். மொத நாளு, ஒரு சொம்பு. நாலும் மேல வந்து வாயப் பொளந்துகினு கெடந்துச்சி. நீ பாக்கல."

"அதான் பாசி!"

"போடி. ஒரு சொம்புல இவ்ளோ பாசியா? அப்பறம் நான் ஊத்தவே இல்ல."

"இன்னிக்கு மூடியத் தொட்டது?"

மூலையில் மடித்துக் கிடந்த சாக்கைக் காலால் தள்ளிக் காட்டினாள். "தெனம் வெயிலு நேரா உள்ள எறங்குது. நீ சோத்துக்குப் போனதும் இத்தப் போத்துவேன். நீ வர்றதுக்குள்ள எடுத்துருவேன். பாத்தா கத்துவியே. நம்ம வூட்டு மாட்டுத்தொட்டிக்கு மேல கீத்து எதுக்குப் போட்டுக்கீது? வெயிலு பட்டா பச்சை புடிக்கும்னுதான? இத்தக் கொண்டாந்து சன்னல்ல வெச்சிக்கீறியே, ஊரே பாக்கணும்னு."

நான் கண்ணாடியைப் பார்த்தேன். சன்னல் பக்கம் மட்டும்தான் பச்சை. சுவர்ப் பக்கம் தெளிவாக இருந்தது. பச்சை தெரிந்த நாளிலிருந்து அது அப்படித்தான் இருந்தது. நான் ஆளைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

தலைமையாசிரியரிடம் போனேன். "தொட்டி வெச்ச இடம் சரியில்ல சார். வெயில் விழுது. உள்சுவர்ப் பக்கம் மாத்திட்டா சரியாயிடும்."

"நல்லாக் கண்டுபுடிச்சீங்க" என்றார். "அப்போ ஆயா?"

"அவங்க ஒண்ணும் பண்ணல சார்."

அதோடு நிறுத்திக்கொண்டேன். கண்டுபிடித்தது யார் என்று சொல்லவில்லை. சாவி என்னிடமே இருந்தது.

பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு, ஒரு முனையை அவளும் மறுமுனையை நானும் பிடித்துத் தொட்டியை உள்சுவருக்கு நகர்த்தினோம். வெளியே அவர் என்னைப் பாராட்டியது அவள் காதிலும் விழுந்திருக்கும்.

"பாத்துத் தூக்கு, கண்டுபுடிச்ச டீச்சரு" என்றாள்.

நான் அவள் முகத்தையே பார்த்தேன். கேலியா, கோபமா, தெரியவில்லை. அதன் பிறகு தண்ணீர் தெளிவாகவே இருந்தது. ஆனால் தலைமையாசிரியர் அறையைப் பெருக்க அவள் துடைப்பத்தோடு உள்ளே போகும்போதெல்லாம், வெளியே வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்.