முருகனுக்கு வந்த சீதனம்

வெளிநாட்டில், பென்ரோஸ் என்ற ஊர்ப்பக்கத்துக் கிடங்கில் நான் பகுதிநேர வேலை பார்த்தபோது, அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய யாழ்ப்பாணத்து அண்ணன் ஒரு செம கேஸ். புது வீட்டில் பால் காய்ச்ச எங்களைக் கூப்பிட்டிருந்தார். பட்டு வேட்டி, தலையில் கம்பளிக் குல்லா. வீடு முழுக்க மான்கொம்பில் குடைந்த கிண்ணங்கள். ஒவ்வொன்றையும் வைத்துவிட்டுப் பின்னால் போவார், ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பார், திரும்ப வந்து துளி நகர்த்துவார்.

முருகன் படத்துக்கு முன்னாலும் இரண்டு: பழுப்பேறிய பழைய கிண்ணத்தில் திருநீறு, பளபளக்கும் புதியதில் குங்குமம். ஊரிலிருந்து வந்திருந்த அவர் மாமியார் பார்த்துவிட்டார்.

"எலும்பைச் சாமிக்கு முன்னால வைக்கிறதே? எடுங்கோ தம்பி!"

கிண்ணத்தின் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

அண்ணன் அசரவில்லை. "மாமி, வள்ளி மான் பெத்த பிள்ளையெல்லே? இது முருகனுக்கு மாமியார் வீட்டுச் சீதனம்."

மாமியும் விடவில்லை. "ஓம்... அப்ப நான் தந்த சீதனம் காணாதெண்டோ மானிட்டையும் வாங்கினனீங்கள்?"

கூடமே வெடித்துச் சிரித்தது. மாமியே அந்தக் கிண்ணத்திலிருந்து திருநீறு எடுத்து மருமகன் நெற்றியில் அப்பினார்.

அந்தப் பதில் அவருக்கு அப்போதுதான் தோன்றியதா, இல்லை மாமிக்கு விமான டிக்கெட் போட்ட அன்றே தயார் பண்ணிவிட்டாரா? சத்தியமாக எனக்கு இன்னும் தெரியவில்லை.